மறைமலை நகரில் மலை எங்கே?

சென்னையை விட்டுத் தெற்கே ஓடும் பெருஞ்சாலை தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, காட்டாங்கொளத்தூர் என்று ஊர்களைத் தாண்டி மறைமலை நகரை அடைகிறது. இன்னும் சிறிது சென்று சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பினால் ஒரகடம், அதற்கப்பால் திருப்பெரும்புதூர். காரும் லாரியும் டயரும் கண்ணாடியும் உருவாகும் ஆலைகள் அணிவகுத்து நிற்கும் நிலம் அது. அங்கே பிழைப்புத் தேடி வடபுலத்திலிருந்து வந்திறங்கும் இளைஞர்கள் பல்லாயிரவர். அவருள் ஒருவன், ஒடிசாவிலிருந்து வந்தவன் என்று வைத்துக்கொள்வோம் (நாம் பள்ளியில் படித்த நிலப்படத்தில் அது ஒரிசா, 2011-இல் பெயர் மாறிற்று), புதிதாகக் கற்ற நாலைந்து தமிழ்ச் சொற்களோடு நம்மிடம் வந்து கேட்கிறான்: "நகர் தெரிகிறது, மலை எங்கே?"

சிரித்துவிட்டுப் போகலாம். "தம்பி, மலையன்று, அது ஒரு மனிதரின் பெயர்" என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அவன் விடமாட்டான். "அந்த மனிதர் எங்கே?" என்பான். அவர் 1950-இல் பல்லாவரத்தில் மறைந்தார். இந்த நகரோ, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1980-இல் உருவாக்கிய துணைநகர். அவர் மறைந்து முப்பதாண்டு கழித்துப் பிறந்த ஊர்! மலையும் இல்லை, மனிதரும் இல்லை. இருந்தும், அந்தப் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கியவனை இரயில் சரியான இடத்தில்தான் இறக்கிவிட்டிருக்கிறது. அப்படியானால் 'மறைமலை' என்ற சொல்லின் பொருள்தான் எது?

வேடிக்கைக் கேள்வியாகத் தோன்றும் இது உண்மையில் மிகப் பழைய வழக்கு. பெயர் ஒன்றின் பொருள் எதுவெனின், அப்பெயர் எதைச் சுட்டுகிறதோ அதுவே, அதற்குமேல் வேறொன்றுமில்லை என்று கூறுவோர் உண்டு. மேனாட்டில் உண்டு, நம் நாட்டிலும் உண்டு. கேட்ட மாத்திரத்தில் நேர்மையான, மயக்கமற்ற கொள்கையாகவே படுகிறது. ஆனால் அதை ஆராயாமல் ஏற்றுக்கொண்ட பகுத்தறிவாளன், தன் வாதத்தின் வேரைத் தானே அறுத்துக்கொள்கிறான் என்பது நம் கருத்து.

தமிழருக்கு இதில் ஒரு தனித் தொல்லையும் இருக்கிறது. கையில் தொட்டுப் பார்ப்பதும் பொருள். கருத்தில் கொள்வதும் பொருள். பெட்டியில் பூட்டி வைப்பதும் பொருள். ஒரே சொல்லுக்குள் மூன்றையும் அடைத்துவிட்டோம். ஆகவே "பெயரின் பொருள் பொருளே" என்று ஒருவர் சொன்னால், மறுக்க வாய் வருவதில்லை! இக்கட்டுரையளவில் நாம் ஒரு வேலி போட்டுக்கொள்வோம். பெயரால் சுட்டப்படும் ஊரோ ஆளோ சுட்டுப்பொருள். பெயரைக் கேட்டு நாம் விளங்கிக்கொள்வது சொற்பொருள். இந்த வேலி மேனாட்டு இறக்குமதி என்று யாரும் அஞ்ச வேண்டாம். சொல்லிலிருந்து பொருளும் அறியப்படும், சொல் தானும் அறியப்படும் என்று இரண்டையும் பிரித்து வைத்தவர் தொல்காப்பியர். அதுவும் பெயரியலின் வாயிலிலேயே பிரித்து வைத்தார்.

மறைமலை என்ற பெயர் நடந்த வழியைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். அது தொடங்கியது மெய்யாகவே ஒரு மலையில்தான். செங்கற்பட்டுக்கு அருகே திருக்கழுக்குன்றம் இருக்கிறது. அக்குன்றை வேதகிரி என்றும் வேதாசலம் என்றும் வடமொழியில் வழங்குவர். நாகப்பட்டினத்தில் 1876-இல் ஒரு பிள்ளை பிறந்தது. அக்குன்றத்துக் கோயிலை வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் பெற்றோர் வேதாசலம் என்று பெயரிட்டனர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பிள்ளை வளர்ந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகி, பின்னர் துறவு பூண்டு சுவாமி வேதாசலம் ஆனார். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்டபோது, முதலில் தம் பெயரையே உலையிலிட்டார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று, சுவாமி அடிகளாயிற்று. ஞானசாகரம் என்ற அவருடைய இதழ் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க சங்கம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. ஏறத்தாழ அறுபதாண்டு கழித்து, அந்தத் தமிழ்ப்பெயர் ஒரு நகருக்கு இடப்பட்டது. திருக்கழுக்குன்றமும் மறைமலை நகரும் இன்று ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தில் இருக்கின்றன. குன்றிலிருந்து புறப்பட்டு நாகைக்குச் சென்று, பல்லாவரத்தில் உருமாறி, மீண்டும் அதே மாவட்டத்துக்குத் திரும்பிவிட்டது பெயர். வழியில் அது சுட்டிய பொருள் இருமுறை மாறியிருக்கிறது: கல், மனிதர், ஊர்.

இவ்விடத்தில் ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் நமக்கு உதவிக்கு வருவார். 1843-இல் அவர் வெளியிட்ட அளவை நூலில், ஆளுக்கும் ஊருக்கும் இடும் பெயர் வெறும் அடையாளக்குறி, அது எப்பண்பையும் உணர்த்துவதில்லை என்று வாதிட்டார். டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பதால் டார்ட்மத் எனப் பெயர் பெற்ற ஊரை எடுத்துக்காட்டினார். முகத்துவாரம் மணலால் தூர்ந்து போனாலும், நிலநடுக்கத்தால் ஆறு விலகி ஓடினாலும், ஊரின் பெயர் மாறிவிடப் போவதில்லையே என்றார். நம் பவணந்தியார் வகுத்த இடுகுறியும் காரணமும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? பறப்பதால் பறவை, அது காரணப்பெயர். ஆயினும் பறக்கவே அறியாத தீக்கோழியும் பறவை. இரவெல்லாம் பறக்கும் வௌவால் பறவையன்று. காரணம் பெயரைப் பெற்றுத் தருகிறது. பெற்றபின் பெயர் தன் காலில் நடக்கத் தொடங்கிவிடுகிறது. மலையற்ற மறைமலை நகரைக் கண்டு மில் வியந்திருக்க மாட்டார்.

மில் கூறியதில் பாதி உண்மை. ஒடிசா இளைஞன் அடிகளை அறியான், வேதாசலத்தை அறியான், தனித்தமிழ் என்றொரு போர் நடந்ததும் அறியான். ஆனாலும் அப்பெயரால் ஊரைச் சரியாகவே சுட்டுகிறான். இது எவ்வாறு முடிகிறது என்பதை அமெரிக்க அறிஞர் சால் கிரிப்கி 1970-இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் விளக்கினார். ஒருநாள் பெயரிடப்படுகிறது, இட்டவர் வாயிலிருந்து அடுத்தவர் வாய்க்கு, அவரிடமிருந்து இன்னொருவர்க்கு என்று சங்கிலிபோல் அது கைமாறுகிறது, சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பிடித்திருப்பவனும் முதற் பொருளைத்தான் பற்றியிருக்கிறான். இதில் நமக்கு வழக்கில்லை. பெயர் எவ்வழியாகத் தன் சுட்டுப்பொருளைச் சென்றடைகிறது என்பதற்கு இது நல்ல விளக்கம். ஆனால் சென்றடையும் இடமே சொற்பொருள் என்று முடிவு கட்டினால், அங்கேதான் நாம் மறிக்கிறோம்.

ஏன் மறிக்கிறோம்? முதற் காரணம் மிக எளியது. "மறைமலையடிகள் 1950-இல் மறைந்தார்" என்கிறோம். பெயரின் பொருள் அந்த ஆளே என்றால், ஆள் மறைந்த அன்றே பெயரும் பொருளிழந்து, நம் வாக்கியம் வெற்று ஓசையாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இறந்தது பெயரைத் தாங்கியவரே ஒழியப் பெயரின் பொருளன்று என்று விட்கென்ஸ்டைன் காட்டினார். அவர் மறைவுக்குப்பின் 1953-இல் வந்த நூலில் இவ்வாதம் இருக்கிறது. மறைமலை நகரிலேயே இதற்குச் சான்று உண்டு. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022-இல் அந்நகரத்து ஆலையின் ஓட்டத்தை நிறுத்திற்று. ஏற்றுமதிக்காக மீண்டும் இயக்கும் எண்ணத்தை 2024-இல் தெரிவித்தது. இடையில் ஆலை ஓசையற்றுக் கிடந்த நாளில், "ஃபோர்டில் வேலை பார்த்தேன்" என்று ஒரு தொழிலாளி சொன்னால் கேட்டவருக்கு விளங்காமலா போயிற்று? வேலை போயிற்று, சொல்லின் பொருள் போகவில்லை.

இனி நம் தோழர்கள் மேடைதோறும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். கடவுள் மறுப்புப் பேசும் இளைஞரை நோக்கிக் கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு குரல் எழும்: "இல்லாத ஒன்றுக்குப் பெயர் எப்படி ஐயா வந்தது? இல்லை என்று சொல்வதற்கே அவன் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறதே!" கைதட்டலும் கிடைக்கும். இந்தக் கேலி எதன்மீது நிற்கிறது? பெயரின் பொருள் சுட்டுப்பொருளே என்ற கொள்கைமீதுதான். பெயருக்குப் பொருள் உண்டு. பெயரின் பொருள் என்பது அப்பெயருக்குரிய ஆள். ஆகவே ஆள் உண்டு! மூன்றே அடியில் வைகுந்தம்!

நம் பேச்சாளர்கள் இதற்கு வழக்கமாகச் சொல்லும் மறுமொழி முயற்கொம்பும் ஆகாயத் தாமரையும். அவையில் சிரிப்பு எழும். ஆனால் வாதம் முழுமையாகவில்லை. எதிரி அறிவாளியாயின், "முயலும் உண்டு, கொம்பும் உண்டு, வானமும் உண்டு, தாமரையும் உண்டு, உள்ளவற்றை நீர் ஒட்டி வைத்தீர், அவ்வளவே, ஒட்டுப் போடாத தனிப்பெயர் ஒன்று காட்டும்" என்பான். காட்டலாம்; வானநூலிலிருந்தே காட்டலாம்.

லெவெரியே என்ற பிரெஞ்சு வானநூலார் யுரேனஸ் கோளின் போக்கில் ஒரு பிறழ்ச்சி இருப்பதைக் கணக்கிட்டு, அதற்கப்பால் காணப்படாத கோள் ஒன்று இருக்க வேண்டும், இன்ன இடத்தில் பாருங்கள் என்று எழுதினார். பெர்லின் வானாய்வகத்தில் 1846 செப்டம்பர் 23-ஆம் நாள் இரவு தேடினர், கண்டனர். அதுவே நெப்டியூன். எழுதுகோல் முனையில் ஒரு கோளைக் கண்டுபிடித்தவர் என்று உலகம் அவரைக் கொண்டாடிற்று. அதே அறிஞர், அதே முறையில், புதன் கோளின் போக்கிலும் ஒரு பிறழ்ச்சியைக் கண்டார். கதிரவனுக்கும் புதனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்று 1859-இல் அறிவித்தார். அதற்கு வல்கன் என்று பெயரும் இடப்பட்டது. கதிரவனின் முகத்தில் அது கடந்து சென்றதைக் கண்டேன் என்று ஒரு மருத்துவர் சாட்சியும் சொன்னார். ஒவ்வொரு முழுக் கதிரவன் மறைப்பின்போதும் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு அதைத் தேடி அலைந்தனர். லெவெரியே 1877-இல் அந்த நம்பிக்கையோடே மறைந்தார். 1915-இல் ஐன்ஸ்டைன் தம் புதிய ஈர்ப்புக் கொள்கையைக்கொண்டு புதனின் பிறழ்ச்சிக்கு விடை கூறினார். அந்த விடையில் வல்கனுக்கு வேலையே இல்லை. வல்கன் இல்லை, என்றும் இருந்ததில்லை.

இப்போது கேட்போம். வல்கன் என்ற பெயருக்குப் பொருள் இருந்ததா, இல்லையா? இல்லை என்றால், அரை நூற்றாண்டுக் காலம் அவர்கள் எதைத் தேடினார்கள்? எந்த இடத்தில் தேடுவது என்று எப்படி அறிந்தார்கள்? "அது இல்லை" என்று முடிவில் கூறியபோது, எது இல்லை என்று கூறினார்கள்? பொருளற்ற சொல்லைக்கொண்டு ஒன்றை மறுக்கவும் முடியாது. ஆகவே பொருள் இருந்தது, சுட்டுப்பொருள்தான் இல்லை. நெப்டியூனும் வல்கனும் ஒரே மேசையில், ஒரே கையால், ஒரே கணக்கால் பிறந்தவை. அவற்றுள் எதற்கு ஆள் உண்டு, எதற்கு இல்லை என்பதைப் பெயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டறிய வழியில்லை. வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகையால் மேடையில் கேலி எழும்போது நம் தோழர் தயங்க வேண்டியதில்லை. ஆம் ஐயா, அப்பெயருக்குப் பொருள் உண்டு. உண்டென்பதால்தான் நீர் கூறுவதும் எமக்கு விளங்குகிறது, யாம் மறுப்பதும் உமக்கு விளங்குகிறது. பொருள் உண்டு என்று ஒப்புவதால் ஆள் உண்டு என்று ஒப்பியதாகாது. அது வேறு வழக்கு. அதற்குச் சாட்சியம் வேறு கொண்டுவர வேண்டும். வல்கனுக்காவது ஒரு மருத்துவர் சாட்சி சொன்னார்! (ஆயிரம் பெயர் கூறி ஒருவனையே போற்றுவோரைக் கேட்கவும் ஒரு கேள்வி உண்டு. பெயரின் பொருள் ஆளே என்றால், ஆயிரம் பெயரும் ஒரே பொருளன்றோ? ஒன்றைச் சொல்லி எழுந்துவிடலாமே!)

சுட்டுப்பொருள் மட்டுமே சொற்பொருளன்று என்றால், மீதி என்ன? செருமானிய அறிஞர் ஃபிரெகே 1892-இல் ஒரு விடை கொடுத்தார். நம் உழவர்க்கு அது புதிதன்று. விடியற்காலை கிழக்கே தோன்றுவது விடிவெள்ளி. அந்தியில் மேற்கே தோன்றுவது அந்திவெள்ளி. இரண்டும் ஒரே கோள். "விடிவெள்ளியே விடிவெள்ளி" என்றால் யாருக்கும் புதுச்செய்தி இல்லை. "விடிவெள்ளியே அந்திவெள்ளி" என்றால் அது வானத்தைக் கூர்ந்து நோக்கிக் கண்ட உண்மை. பெயரின் பொருள் சுட்டுப்பொருள் மட்டுமே என்றால் இவ்விரு வாக்கியங்களும் ஒன்றாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பெயரும் தன் பொருளை ஒரு வழியால் காட்டுகிறது. அந்தக் காட்டும் வழியும் பொருளில் அடங்கும் என்றார் அவர்.

நல்ல விடைதான். ஆனால் அதை அடிகளின் பெயர்மீது வைத்துப் பார்த்தால் போதாமல் போகிறது. வேதாசலம், மறைமலை என்னும் இரண்டுக்கும் சுட்டுப்பொருள் ஒருவரே. சொல் பிரித்துப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றையே கூறுகின்றன. வேதம் என்றாலும் மறை என்றாலும் ஒன்று, அசலம் என்றாலும் மலை என்றாலும் ஒன்று. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், இராமையா அன்பழகன் ஆனதும் வேறு வகை. அங்கே பழங்கருத்து போய்ப் புதுக்கருத்து வந்தது. அடிகளோ கருத்தைக் காத்துக்கொண்டு ஒலியை மட்டும் மாற்றினார். ஆளும் மாறவில்லை, கருத்தும் மாறவில்லை என்றால், 1916-இல் எதுவுமே நடக்கவில்லை என்றுதானே கணக்கு முடியும்? ஆனால் நடந்தது என்பதை அன்று ஆதரித்தவனும் அறிந்தான், எள்ளியவனும் அறிந்தான். அப்பெயரைச் சொல்லும்போதெல்லாம், தமிழ் தன் காலில் நிற்க முடியும் என்ற ஒரு கூற்றும் உடன் சொல்லப்பட்டது. எந்த மொழியின் வரிசையில் அது நிற்கிறது, யார் அதை இட்டார், யார் அதைச் சொல்ல மறுத்தார் என்பனவெல்லாம் அதன் பொருளில் சேர்ந்துகொண்டன. அடிகள் சைவர், இருபதுகளின் பிற்பகுதியில் சுயமரியாதையாளரோடு கருத்துப்போர் புரிந்தவர், 'மறை'யை அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை. அவையெல்லாம் உண்மை. இருந்தும் அந்தப் பெயர்மாற்றம் நம்முடைய வரலாற்றில் ஒரு செயல். அகராதியில் அதைத் தேடினால் கிடைக்காது.

"பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டு நகைப்போர்க்கு இது விளங்குவதில்லை. அவர்கள் ஆங்கில நாடகத்து ஜூலியட்டைத் துணைக்கு அழைப்பார்கள். ரோசாமலரைக் காட்டி அவள் பேசியதை ஒப்பிப்பார்கள். அந்த நாடகத்தின் முடிவை மட்டும் மறந்துவிடுவார்கள். குடிப்பெயருக்காகப் பகைத்து நின்ற இரு வீட்டாரிடையே அந்தச் சிறுமியும் அவள் காதலனும் பிணமாகக் கிடக்கிறார்கள்! காதலித்தவனின் சாதிப்பெயரைக் கேட்டு அரிவாள் எடுக்கும் நாட்டில் இருந்துகொண்டு, பெயரில் ஒன்றுமில்லை என்று பேச எப்படித்தான் மனம் வருகிறதோ!

விருதுநகரில் 1956-இல் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு மேற்கொண்டார். அவர் விடுத்த கோரிக்கைகளுள் தலையாயது, சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது. 70 நாள்களுக்கு மேல் நோன்பிருந்து, அவ்வாண்டு அக்டோபர் 13-இல் உயிர் நீத்தார். சென்னை மாநிலம் என்றாலும் தமிழ்நாடு என்றாலும் சுட்டப்படும் நிலம் ஒன்றுதான். எல்லைக்கல் ஒன்றும் இடம் பெயரவில்லை. சுட்டுப்பொருளே பொருள் என்போர் கணக்கில், அந்த முதியவர் ஒன்றுமில்லாததற்காகப் பட்டினி கிடந்து மாண்டார். அப்படிக் கூறும் துணிவு அவர்களுக்கு இருக்கலாம், நமக்கு இல்லை.

1963-இல் மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா இப்பெயர் மாற்றத்துக்காகப் பேசியபோது, மாற்றுவதால் உமக்கு என்ன கிடைத்துவிடும் என்ற கேள்வி எழுந்தது. அண்ணா சினக்கவில்லை. பார்லிமெண்டை லோக்சபா என்றும், கவுன்சில் ஆஃப் ஸ்டேட்ஸை ராஜ்யசபா என்றும், பிரசிடெண்டை ராஷ்டிரபதி என்றும் ஆக்கினீர்களே, அதனால் உங்களுக்குக் கிடைத்தது என்ன என்று திருப்பிக் கேட்டார். அவைகளும் அவைதான், ஆளும் அவர்தான்! 1967 ஜூலை 18-இல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 1969 ஜனவரி 14-இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மூன்று வாரத்துக்குள் அண்ணா மறைந்தார்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தமிழில் வழிபாடு வேண்டும் என்று கேட்டபோதெல்லாம், எம்மொழியில் அழைத்தால் என்ன, அழைக்கப்படுபவன் ஒருவன்தானே என்று அறிவுரை கூறியவர்கள், தங்கள் வீட்டு நூல்களைத் திறந்து பார்க்கவில்லை. வேள்வி விதிகளை ஆராயும் மீமாம்சை நூலார், ஒரு விதியில் அக்கினி என்ற பெயர் வந்திருந்தால் அப்பெயரையே சொல்லி அவி சொரிய வேண்டும், பாவகன் என்பது போன்ற மறுபெயர் அதே தேவனைக் குறித்தாலும் உதவாது என்று தீர்ப்புக் கூறியிருக்கிறார்கள். அதாவது, சுட்டுப்பொருள் ஒன்றாயிருப்பது போதாது, பெயர்தான் முக்கியம் என்று! அவர்கள் வேள்விக்குப் பெயர் மாறக்கூடாது. நம் நாட்டுக்கு மட்டும் பெயரில் ஒன்றுமில்லை. நீதி எவ்வளவு நேர்த்தி!

எதிரியைக் குற்றங்கூறுவது எளிது. நம் பக்கமும் ஒரு மயக்கம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். பெயரும் பொருளும் ஒன்றே என்று நம்புகிறவன், பெயரை மாற்றினால் பொருளும் மாறிவிட்டது என்று நம்பி அயர்ந்துவிடுவான். மந்திரம் சொல்பவனின் நம்பிக்கையும் அதுதான். மறைமலை நகருக்குப் பக்கத்திலேயே இருக்கும் செங்கற்பட்டில், 1929 பிப்ரவரியில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் ஒட்டிக்கொள்வதை விடவேண்டும் என்று தீர்மானித்தது. மேடையிலிருந்த தலைவர்களே வெட்டி எறிந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் ஒருவரை அழைக்கும்போது சாதிவால் வருவதில்லை. வடக்கே சென்று வந்தோர்க்கு இதன் அருமை தெரியும். பெரும் வெற்றி. ஆனால் வால் போன இடத்தில் சாதி போயிற்றா? பெயரைக் கேட்டுப் பயனில்லை என்றதும், "எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்கக் கற்றுக்கொண்டார்கள்.

அந்தத் தெருவின் பெயரைப் பற்றியே ஒரு செய்தி. காலனி என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரல் 29-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார். இச்சொல்லைவிட நம் வழக்குக்கு நல்ல சாட்சி கிடையாது. இலத்தீனில் அதன் மூலச்சொல்லுக்குக் குடியேற்றம் என்றுதான் பொருள். தில்லியில் டிஃபென்ஸ் காலனி செல்வர் வாழும் பகுதி. அங்கே வீடு என்றால் மதிப்பு. நம் பெருநகரங்களில் ரயில்வே காலனியும் பாங்க் காலனியும் உண்டு. யாரும் குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லை. ஆனால் சிற்றூரில், "காலனிப் பையன்" என்று ஒருவர் சொல்லும்போது, அதே மூன்றெழுத்தில் எத்தனை நூற்றாண்டு நஞ்சு! அகராதிப் பொருள் ஒன்றே. வீடுகள் என்ற சுட்டுப்பொருளும் ஒரே வகை. நஞ்சு எங்கிருந்து வந்தது? சொல்பவனின் வாயிலிருந்து, அவன் சொல்லும் முறையிலிருந்து, சொன்னபின் குவளையை எந்தப் பக்கம் நீட்டுகிறான் என்பதிலிருந்து வந்தது. வழக்கில் ஊறிய பொருள் அது.

ஆகவே சொல்லை நீக்கியது சரி. அதே காரணத்தால், நீக்கியது மட்டும் போதாது என்பதும் சரி. 1922-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பஞ்சமர் முதலிய பெயர்களை விலக்கி ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஆவணத்தில் ஏற்றச் செய்தார். அது அம்மக்கள் தாமே கேட்டுப் பெற்ற பெயர். பின்னர் காந்தியார் அரிசனர் என்று ஒரு பெயரை வழங்கினார். 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அம்பேத்கரும் அவர் கட்சியினரும் அதை எதிர்த்து வெளிநடப்புச் செய்தனர். இரண்டு பெயரும் சுட்டியது ஒரே மக்களை. ஒன்றை வாங்கிக்கொண்டார்கள், மற்றொன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏன் என்று விளக்க, சுட்டுப்பொருட் கொள்கையிடம் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் புதிய பெயர் எதுவாயினும், பழைய வாய்கள் அதைப் பழைய ஓசையில் சொல்லத் தொடங்குவதை நாம் கண்டிருக்கிறோம். காலனிக்கு இனி நகர் என்று பெயர் வைக்கலாம். அதே குரலில் "அந்த நகர்ப் பையன்" என்று நாளை சொன்னால்?

இவ்விதழைப் படிக்கும் இளைஞர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறோம். உங்கள் ஊரில் காலனி என்ற பலகை இறக்கப்பட்டு வேறு பலகை ஏற்றப்பட்டிருந்தால், அதற்குப் பிறகு கண்டக்டர் அந்த நிறுத்தத்தை எப்பெயரால் கூவுகிறார், அஞ்சற்காரர் எப்பெயரால் விசாரிக்கிறார், ரேஷன் கடையில் எப்பெயரால் அழைக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அத்தெருவுக்குக் குடிநீர்க் குழாய் எந்த ஆண்டு வந்தது, சுடுகாட்டுக்குச் செல்லும் பாதை ஊருக்குள்ளே செல்கிறதா வயலைச் சுற்றிச் செல்கிறதா என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் ஆண்டையும் தெளிவாகக் குறித்து அனுப்புங்கள். வந்தவற்றை அடுத்தடுத்த வாரங்களில் வெளியிடுவோம்.